முகம் பார்க்காத சாட்சி

என் அண்ணன் ஏழுமலை சாகும்போது அவன் தலை ஒரு கணக்கு வாத்தியாரின் மடியில் இருந்தது. எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை. விழுப்புரத்துக்கு வெளியே பஸ் நிற்கும் ஒரு கூட்டுரோட்டில், காலை எட்டு மணிக்கு, நாற்பது பேராவது நின்றிருந்த இடத்தில், இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் இறங்கி அரிவாளால் வெட்டினான். ஓட்டி வந்தவன் வண்டியை அணைக்காமல் காத்திருந்தான். கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று, தடுக்கத் தூக்கிய கையில் ஒன்று. அண்ணன் டீ கிளாசோடு கீழே விழுந்தான். கூட்டம் சிதறி ஓடியது. டீக்கடைக்காரரும் பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினார்.

ஓடாதவர் ஒருவர்தான். திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றிருந்த அந்தக் கணக்கு சார். வேட்டியை அவிழ்த்துச் சுருட்டி அண்ணனின் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, சட்டையும் அண்டர்வேருமாகத் தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தாராம். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தெரிந்தவர்கள் உடனே பகா எண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குக் கணக்கு வராது. எனக்கு அவரைத் தெரிந்தது ரத்தத்தின் வழியாக.

எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம், பெண்ணையாற்றங்கரை. ஆற்று மணலை அள்ளிப் போகும் லாரிகளை அண்ணன் இரண்டு தடவை ஊர்ப் பெண்களைத் திரட்டி மறித்தான். லாரிகள் சேகர் என்பவனுடையவை. அன்றைக்கு அண்ணன் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கக் கிளம்பியிருந்தான். வெட்டியது யார் என்று எங்கள் ஊரில் ஒருவரும் இன்னொருவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது.

நானும் அண்ணியும் ஸ்டேஷனுக்குப் போனபோது சார் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த கைலி இடுப்பில். சட்டையில் அண்ணனின் ரத்தம் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. யாரும் கூப்பிடாமல், அவராகவே புகார் கொடுக்க வந்திருந்தார். ஏட்டு ஒருவர் புகாரை எழுதி முடித்து நீட்டினார். சார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை வாங்கி ஒரு இடத்தில் கோடு போட்டு அடித்து, மேலே வேறு எதையோ எழுதினார். இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்தார். ‘சேகர்’ என்ற பெயரை அடித்துவிட்டு ‘ஹெல்மெட் அணிந்த ஒருவர்’ என்று எழுதியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் முதலில் பொறுமையாகத்தான் பேசினார். ஊருக்கே தெரிந்த விஷயம், நேரில் பார்த்தவர் ஒருவர் சொன்னால்தான் அவனைத் தூக்க முடியும், இந்தப் பெண்ணின் தாலியைப் பாருங்கள் என்று அண்ணியைக் காட்டினார்.

“ஓட்டிக்கினு வந்தவன் தலையில ஒண்ணும் இல்லீங்க. அவன் முகத்தை நல்லாப் பாத்தேன். ஆயிரம் பேருல நிறுத்தினாலும் காட்டுவேன்,” என்றார் சார். “வெட்டினவன் ஹெல்மெட் போட்டிருந்தான். முகம் பாக்கல.”

“சேகர்னு உங்களுக்குத் தோணுதா இல்லியா?”

“தோணுது. ஆனா நீங்க எழுதி வச்சிருக்கறது ‘பார்த்தேன்’னு.”

இன்ஸ்பெக்டர் அறைந்தார். சாரின் கண்ணாடி தெறித்து பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. அந்த அறை எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் அடிக்க வேண்டியதை அவர் அடித்த மாதிரி இருந்தது. சார் குனிந்து தரையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து, வளைந்த காம்பை நிமிர்த்தி மாட்டிக்கொண்டு, தான் திருத்திய புகாரை மூன்றாவது தடவையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தெரியுமா, தோணுதா? இதுதான் அவர் வாயில் எப்போதும் இருந்த கேள்வி. பஸ் இப்போ வந்துரும் சார் என்று டீக்கடையில் சொன்னால் கேட்பார். அந்தப் பையன் காப்பியடிச்சுட்டான் என்று உடன் வேலை பார்க்கும் வாத்தியார் சொன்னால் கேட்பார். அவர் வேலை பார்த்த திண்டிவனம் காலேஜில் அவருக்கு அதுவே பட்டப்பெயர் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கேலிக்காகக் கேட்பவர் இல்லை. பதில் தெரிய வேண்டும் அவருக்கு. தோணுது என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார். தெரியும் என்று சொல்லிவிட்டால், எப்படி என்று அடுத்த கேள்வி வரும். பெரும்பாலான பேர் அங்கே கோபப்பட்டுவிடுவார்கள்.

ஜெயிலில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் காட்டியபோது ஓட்டி வந்தவனைச் சரியாக அடையாளம் காட்டினார். சேகரையும் வேறு சாட்சிகளை வைத்து எப்படியோ வழக்கில் சேர்த்தார்கள். அந்தச் சாட்சிகள் எல்லாரும் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். மூன்று வருஷம் கழித்து விசாரணை வந்தபோது மிஞ்சியது சார் ஒருவர்தான். கோர்ட்டுக்கு வரச் சொல்லி அவருக்குச் சம்மன் வந்த வாரமே அவரை அடித்தார்கள்.

காலேஜ் விட்டு பஸ் ஏற நடந்து வந்தவரை, நல்ல வெயில் நேரத்தில், மூன்று பேர் ஒரு சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். வலது கையைக் கருங்கல் ஒன்றின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அன்னிக்கு நீ யாரையும் பாக்கல, சொல்லு என்று கேட்டிருக்கிறார்கள். “பாத்தேனே,” என்றிருக்கிறார். ஒரு அடி. மறுபடியும் கேள்வி. மறுபடியும் “பாத்தேனே.” இதை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். மழை பெய்தது, நனைந்தேன் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்திருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது எங்கள் ஆஸ்பத்திரிக்கு. ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் உடைந்து எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. நடுவிரலில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் மட்டும். அது அசையாமல் இருந்தால் தானாகச் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். தையல் போடும்போது சார் என்னைப் பார்த்து, “நீங்க ஏழுமலை தங்கச்சிதானே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “ஸ்டேஷன்ல பாத்தேன்,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். மறுநாள் மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து அவருடைய அக்கா வந்தார். மீன் விற்கிற அம்மா. பெரிய உருவம், ஆண்பிள்ளை மாதிரி மணிக்கட்டு. வந்ததும் தம்பியின் கையைப் பார்த்தார், அழவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்டார், இவன் வாயை மூடிக்கினு இருந்திருப்பானா என்று. பிறகு அவரே ஒரு கதை சொன்னார்.

சாருக்கு அப்போது பத்து வயதாம். வலை போடும் தகராறில் பக்கத்துக் குப்பத்துப் படகு ஒன்று கொளுத்தப்பட்டது. இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் மணலில் உட்கார்ந்து விசாரித்தார்கள். யாராவது பார்த்தீர்களா என்று பொதுவாகக் கேட்டதற்கு இந்தப் பையன் எழுந்து, எங்கப்பா கொளுத்தினாரு, நான் பாத்தேன் என்று சொல்லிவிட்டான். அப்பா அன்றைக்குச் சாயங்காலமே அவனைச் சவுக்கு மரத்தில் கட்டி வைத்து, நனைந்த கயிற்றால், குப்பமே பார்க்க அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி: யாருடா கொளுத்தினது? ஒவ்வொரு தடவையும் பையன், நீதான் என்றான்.

“நாந்தான் கட்டை அவுத்தேன். முதுகுத் தோலு கயித்தோட உரிஞ்சிக்கினு வந்துச்சு,” என்றார் அந்த அம்மா. அவர்கள் வீட்டை ஊரே ஒதுக்கி வைத்ததாம். ஒரு வருஷம் அப்பா கடலுக்குப் போகவில்லை. அக்கா விற்கக் கொண்டுபோன கருவாட்டை யாரும் வாங்கவில்லை. அதற்கப்புறம் அப்பா சாகும்வரை மகனோடு பேசவில்லை. “எனக்கே அவனைக் கடல்ல தூக்கிப் போட்டுடலாமான்னு ஆத்திரம். ஆனா பொய் சொல்லலியே, இன்னா பண்றது?”

சார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். ஒன்றே ஒன்றுதான் திருத்தினார். சவுக்கு மரம் இல்லையாம், படகு கட்டுகிற முளையாம்.

அவருக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு இருந்தது. முகம் துடைத்துவிடும்போது, இதுவும் யாராவது அடித்ததா என்று கேட்டேன். கணக்கில் வந்தது என்றார். எனக்குப் புரியவில்லை. விளக்கமாகச் சொன்னார்.

இருபத்தெட்டு வயதில் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, பகா எண்களுக்கு நடுவே வரும் இடைவெளிகளைப் பற்றி ஒன்றை நிரூபித்திருக்கிறார். ரொம்ப காலமாக யாராலும் முடியாமல் இருந்தது அது. அவர் பேரும் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் பேரும் போட்டு வெளிவந்தது. பல தேசத்துக்குக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். பத்து மாதம் கழித்து ஒரு நாள், தான் எழுதியதைத் தானே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர், ஒரு வரியில் நின்றுவிட்டார்.

“அந்த வரியில ‘எனவே’ன்னு எழுதியிருந்தேன். அதுக்கு முன்னாடி வரியிலேர்ந்து அது வராது. வர்ற மாதிரி தோணும். வராது.”

வேறு யாராவது கண்டுபிடித்தார்களா என்று கேட்டேன். யாரும் இல்லை. அப்படியானால் சும்மா இருந்திருக்கலாமே, பிறகு சரி செய்துகொண்டிருக்கலாமே என்றேன்.

“எனக்குத் தெரிஞ்சு போச்சேம்மா,” என்றார்.

அந்த நிரூபணம் தப்பு என்று பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தின் நகலை அவரே எடுத்துப் போய் வழிகாட்டியிடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பெரிய மனுஷர் படித்து முடித்ததும் மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைத் தூக்கி முகத்தில் எறிந்தார். ஐந்து தையல். அங்கே வேலை போனது. திரும்பி வந்து திண்டிவனத்தில் பி.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். அந்த வரியை விட்டுவிடவில்லை. தலையணைக்குக் கீழே ஒரு நோட்டு வைத்திருந்தார். வலது கை கட்டோடு, இடது கையால் கோணல்மாணலாக எழுதிக்கொண்டே இருப்பார். கை வலித்தால் சுவரைப் பார்ப்பார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானம். அவர் அக்கா சாப்பாடு வாங்கப் போயிருந்தார். நான் கட்டுப் பிரித்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விரல்கள் அசையாமல் இருக்க அடியில் வைத்துக் கட்டியிருந்த மரத் தட்டையை எடுத்து வைத்திருந்தேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். என் அண்ணியைப் பற்றிச் சொன்னேன். அண்ணனின் வெட்டுப்பட்டுத் துண்டான கையைத் தனியாகத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், அதை நான்தான் வாங்கினேன் என்று சொன்னேன். சேகர் ஜாமீனில் வந்து அதே லாரிகளை எங்கள் தெரு வழியாகவே இப்போதும் ஓட்டுகிறான், அண்ணி வாசலில் நிற்கும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். கண் கலங்கியது அவருக்கு.

“நாளைக்கு சேகர்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். உங்களுக்கும் அவன்தான்னு தோணுதுல்ல?”

“தோணுது. ராத்திரியெல்லாம் அதத்தான் யோசிச்சிக்கினு இருக்கேன். உயரம் சரியா இருக்கு, உடம்பு வாகு சரியா இருக்கு. ஆனா முகம் பாக்கலம்மா.”

அவருடைய நடுவிரல் என் கையில் இருந்தது. அதை வளைத்தேன். தெரியாமல் நடந்தது இல்லை. எந்தப் பக்கம் வளைத்தால் கீறல் பிளந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் வளைத்தேன். சுள்ளி ஒடிகிற சத்தம், மெலிதாக. அவர் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. கால் இரண்டும் கட்டிலில் அடித்துக்கொண்டன. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. சொல்லுங்க சார் என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்புறம், “பாக்கலம்மா,” என்றார்.

விரலை விட்டேன். தட்டையை வைத்துக் கட்டினேன். நன்றாகவே கட்டினேன்.

மறுநாள் விழுப்புரம் கோர்ட்டில் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார். சேகரின் வக்கீல் எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். சின்ன வயதில் உலகமே நம்பிய ஒரு விஷயத்தை எழுதிவிட்டு, பிறகு தப்பு என்று சொன்னவர்தானே நீங்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார் சார். அப்படியானால் இப்போது சொல்வதும் தப்பாக இருக்கலாம் இல்லையா? இருக்கலாம், தப்பு என்று தெரிந்தால் நானே வந்து சொல்வேன் என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். ஓட்டி வந்தவனை நேருக்கு நேர் விரல் நீட்டிக் காட்டினார், இடது கையால். வெட்டியவன் முகத்தைப் பார்த்தீர்களா என்று அரசு வக்கீல் மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் இல்லை.

தீர்ப்பில் ஓட்டி வந்தவனுக்கு ஆயுள் தண்டனை. சேகருக்கு விடுதலை. கோர்ட் வாசலிலேயே ஓட்டினவனின் அம்மா சாரின் சட்டையைப் பிடித்துக் கிழித்தாள். வெட்டினவனை விட்டுவிட்டு வண்டி ஓட்டினவனை உள்ளே தள்ளினாயே என்று அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தினாள். அவள் சொன்னதுதான் எங்களுக்கும் தோன்றியது.

அடுத்த வாரம் அண்ணி விழுப்புரத்தில் அவர் குடியிருந்த தெருவுக்குப் போனாள். நானும் போனேன், தடுக்க இல்லை. மாடியிலிருந்து அவரைக் கூப்பிட்டு இறக்கி, தெருவில் நிற்க வைத்து, கொண்டுபோன விளக்குமாற்றால் அடித்தாள். முகத்தில், தோளில், கட்டுப் போட்ட கையில். அக்கம்பக்கம் எல்லாம் வெளியே வந்து பார்த்தது. விளக்குமாறு கட்டவிழ்ந்து ஈர்க்கு ஈர்க்காகத் தெருவில் கொட்டும்வரை அடித்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் மேலே போய் இடது கையில் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

அண்ணி சொம்பைத் தொடவில்லை. தலையைக் குனிந்தபடியே கேட்டாள்: “உன் மடியிலதான செத்தாரு. கடைசியா இன்னா சொன்னாரு?”

எங்களிடம் எத்தனையோ பேர் சொல்லியிருந்தார்கள், ஏழுமலை கடைசியாக உன் பேரைச் சொன்னான், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றான் என்று. அங்கே இல்லாதவர்கள் சொன்னார்கள். சாரும் அப்படி ஒன்று சொல்லிவிடக் கூடாதா என்று எனக்கு இருந்தது.

“பேரு எதுவும் சொல்லல. தண்ணி கேட்டாரு,” என்றார். “ரெண்டு தடவை கேட்டாரு. கையை எடுத்தா ரத்தம் போயிடும்னு நான் எழுந்து போகல. குடுத்திருக்கலாம். எப்படியும் போற உசுருதான்னு அப்போ எனக்குத் தெரியல.”

அண்ணி சொம்பை எடுத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். அன்றைக்குப் பிறகு அவரைப் பற்றி அவள் தவறாகப் பேசி நான் கேட்டதில்லை. நல்லதாகவும் பேசவில்லை.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். தீர்ப்புக்கு முன்னால் அவர் மறுபடி காட்ட வந்தபோது டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். நடுவிரல் விலகி, விலகினபடியே சேர ஆரம்பித்திருந்தது. கோர்ட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் எங்காவது இடித்துக்கொண்டீர்களா என்று கேட்டார். நான் டிரேயோடு பக்கத்தில் நின்றிருந்தேன்.

“இல்லீங்க,” என்றார் சார்.

டாக்டர் வேறு எதையோ எழுத ஆரம்பித்துவிட்டார். அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சார் என்ன சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சார் என்னைப் பார்க்கவும் இல்லை.

அப்புறம் பல வருஷம் அவரைத் தெருவில், பஸ்ஸில் பார்ப்பேன். தலையசைப்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒரு தடவை மல்லாட்டை என்கிற வேர்க்கடலை சீசனில், திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கூட்டம் ஒருவனைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது. செல்போன் திருடினான் என்று. உள்ளே புகுந்து, மிதிக்கிற ஒவ்வொருவனிடமும் நீ பாத்தியா, நீ பாத்தியா என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்தால் சார். ஒருவன் அவர் வாயிலேயே முழங்கையால் இடித்தான். பல் ஒன்று போய் ரத்தம் சட்டையில் ஒழுகியது. அந்த நேரம் பார்த்து, கீழே கிடந்தவனின் இடுப்பிலிருந்து செல்போன் நழுவி ரோட்டில் விழுந்தது. கூட்டம் ஓவென்று கத்தி மறுபடி மிதிக்கப் போனது.

சார் அவன்மேல் குறுக்காகப் படுத்துவிட்டார். “இப்போ தெரிஞ்சுது, திருடன்தான்,” என்றார் ரத்த வாயோடு. “போலீஸைக் கூப்பிடுங்க. அதுக்கு மேல ஒரு அடி கூடாது.” நாலைந்து மிதி அவர் விலாவில் விழுந்தது. பிறகு அடிக்கிறவர்களுக்கே பேஜாராகிக் கலைந்தார்கள். நான் அன்றைக்குக்கூடக் கிட்டே போகவில்லை. பையில் பஞ்சும் மருந்தும் இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ரிடையர் ஆனதும் அக்காவோடு குப்பத்துக்கே போய்விட்டார். அங்கேதான் செத்தார். நெஞ்சுவலி. எழுதிக்கொண்டிருந்தபோது என்று சொன்னார்கள்.

போன வருஷம் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் போட்டார்கள். பழைய மாணவர்கள் நிறைய வந்திருந்தார்கள். அண்ணியும் வருகிறேன் என்றாள், அழைத்துப் போனேன். முன்வரிசையில் அவருடைய அக்கா இருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. உடம்பு மட்டும் அப்படியே.

சென்னையிலிருந்து வந்த ஒரு இளம் பேராசிரியை, எங்களைப் போன்றவர்களுக்கும் விளங்கும்படி பேசினார். சார் அன்றைக்குத் தப்பு என்று தானே சொன்ன அந்த இடம் உண்மையிலேயே ஒரு பெரிய பள்ளம். அவர் சொல்லியிருக்காவிட்டால் அதன்மேல் இன்னும் பத்துப் பேர் கட்டியிருப்பார்கள், எல்லாம் சேர்ந்து இடிந்திருக்கும். குப்பத்து வீட்டில் கிடைத்த அவருடைய நோட்டுகளில் அந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது. முழு வழி இல்லை, பாதி வழி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு இன்றைக்கு எத்தனையோ தேசத்தில் வேலை நடக்கிறது. இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு ஒரு பக்கத்தைத் திரையில் காட்டினார். எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. நடுவிரல் வளைந்திருந்ததால் அவருக்குப் பேனா நிற்காது, இதைப் படிக்கவே எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது, சில பக்கங்களைக் கடைசிவரை படிக்க முடியவில்லை என்றார். ஒரு கொலை வழக்கில் சாட்சி சொன்னதற்காகக் குண்டர்கள் உடைத்த விரல் என்றார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது.

நான் எழுந்து நின்றேன். யாரோ மைக்கை என்னிடம் கொடுத்தார்கள், பேச வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு. என் பேரைச் சொன்னேன். ஏழுமலையின் தங்கை என்றேன்.

“நடுவிரலை அவங்க உடைக்கல. நான் உடைச்சேன். ஆஸ்பத்திரியில, கட்டுப் பிரிக்கும்போது. பொய் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சொல்லல. வளைச்சேன்.”

அண்ணி என் புடவையைப் பிடித்து இழுத்தாள், உட்காரச் சொல்லியா வேறு எதற்கா என்று தெரியவில்லை. அந்தப் பேராசிரியை திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே படிக்கட்டில் நிற்கும்போது பின்னால் சாரின் அக்கா வந்தார். மண்டபத்தில் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம் ஒரு கையில். இன்னொரு கையால் என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, விரலாக எண்ணுவதுபோலத் தடவி, நடுவிரலில் நிறுத்தினார். “எனக்குத் தெரியும். அன்னிக்கே சாப்பாடு வாங்கிக்கினு வந்து பாத்து கேட்டேன், சொன்னான்,” என்றார். பிறகு அந்த விரலைப் பின்பக்கமாக வளைத்தார். எழுபத்தைந்து வயது கை இல்லை அது. வலி தோள்வரை ஏறியது. கண் இருட்டியது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஒடிகிறதற்குக் கொஞ்சம் முன்னால் விட்டார்.

“உன்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தான். அதான் இத்தினி வருசம் கேக்கல,” என்றார். “கையை வெக்கக் கூடாதுன்னு சொல்லல.”

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ரோட்டில் மரக்காணம் பஸ் வந்து நின்றது. ஜல்தி ஏறுங்க என்று கண்டக்டர் கூப்பிட்டார். படி உயரமாக இருந்தது அவருக்கு. என் வலது கை அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது. இடது கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு ஏறினார்.